ஒரு சைஸ் பெரிய டிரைவ்

அந்தக் குடும்பத்தில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். செருப்புப் பட்டறைக்காரர்கள் அல்லவா? "வளர்ற கால், கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்று பிள்ளைகளுக்கு அளவெடுக்கும்போது சொல்லிப் பழகிய வாய். வீட்டு ஃபிரிட்ஜ் சமையலறைக் கதவில் நுழையாமல் கூடத்திலேயே நின்றுவிட்டது. படுக்கையறைக் கட்டிலைச் சுற்றி வர வேண்டுமானால் பல்லியைப் போலச் சுவரோடு ஒட்டி நகர வேண்டும் என்று, துணி துவைக்க வரும் அம்மாவே எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆகவே பட்டறைக் கம்ப்யூட்டரில் இருப்பதை நாடாவில் நகலெடுத்துப் படிக்கும் டேப் டிரைவ் உயிரை விட்டபோது, முதலாளி எந்த மாதிரி புதியதை வாங்கி வருவார் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அவர்கள் செய்வது சாதாரணச் செருப்பு இல்லை. ஒரு கால் குட்டையானவர், விரல் மடங்கியவர், பாதம் வளைந்து பிறந்த குழந்தை என்று கடைச் செருப்பு ஒத்துக்கொள்ளாத கால்களெல்லாம் அங்கேதான் வரும். ஸ்கேனரில் காலை வைத்தால் அதன் உருவம் கம்ப்யூட்டருக்குள் போகும். அதைப் பார்த்து இயந்திரம், செருப்பு தைக்க அதே வடிவில் மரத்தில் அச்சு கடையும். அந்த உருவங்களுக்கெல்லாம் காவல் முதலாளியின் தங்கை. தோல் கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, வாராவாரம் எல்லாவற்றையும் உள்ளங்கை அகல நாடாப் பெட்டிகளில், அதாவது கார்ட்ரிட்ஜ்களில், பேக்கப் எடுப்பாள். எடுத்ததைப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அலைவதுபோல் கைப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போவாள். அண்ணிக்கு அது வேடிக்கை. "நகையை பீரோல வைக்கச் சொன்னா, இவ நாடாவை வைக்கிறா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பட்ட காலிலே படும் என்பதைச் செருப்புக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் உருவங்கள் இருந்த கம்ப்யூட்டரின் டிஸ்க் ஒரு காலையில் கடகடவென்று சத்தம் போட்டு அடங்கியது. சரி, டேப் இருக்கிறதே என்று கார்ட்ரிட்ஜைச் செருகினால், வயதான டிரைவ் அதை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் செத்துப்போனது. உள்ளே போன கார்ட்ரிட்ஜோடு சேர்த்து அதை ஓரம் கட்டினார்கள். மற்ற கார்ட்ரிட்ஜ்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன. படிக்கத்தான் ஆளில்லை.

இங்கேதான் அண்ணியின் தம்பி வருகிறான். என்ன தொழில் செய்கிறாய் என்று யார் கேட்டாலும் "சகலமும்" என்பான். அதுவே பெயராகிவிட்டது. சகலமும் ஒரு பெட்டியோடு காரில் வந்து இறங்கினான். பின்னாலேயே முதலாளி, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"இருக்கறதிலயே புதுசு. பழசைவிட மூணு தலைமுறை மேல. இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்ல பாரு" என்றார்.

தங்கை பெட்டியின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "அண்ணா, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உனக்கென்ன கேக்கறது? பெருசாத்தானே வாங்கியிருக்கேன்?"

டிரைவுக்குக் கரன்ட்டை மட்டும் கொடுத்து, கார்ட்ரிட்ஜைச் செருகினார்கள். புது டிரைவ் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காத மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவதுபோல் வெளியே தள்ளியது. அடுத்ததையும் தள்ளியது.

"டேப்பெல்லாம் செத்துப்போச்சு மாமா" என்றான் சகலமும், நாடி பார்த்த வைத்தியன் மாதிரி. "பழசு. பூஞ்சை புடிச்சிருக்கும்."

"டேப் நல்லாத்தான் இருக்கு. இந்த டிரைவுக்குத்தான் அது தெரியாது. தனக்கு ரெண்டு தலைமுறை முந்தினது வரைக்கும்தான் படிக்கும். நம்மளுது மூணு தலைமுறை முந்தினது. பேரன் தாத்தா கையெழுத்தைப் படிப்பான். கொள்ளுப்பேரன் படிப்பானா?"

"அப்ப என் தம்பி வாங்கினது தப்புங்கறியா?" என்று அண்ணி வாசலிலிருந்தே கேட்டாள். கொழுந்து விட்டு எரியத் தயாரான அந்தக் குரலுக்கு முன்னால் முதலாளியின் நிமிர்ந்த மார்பு இறங்கியது. மனைவி பக்கத்து உறவையும் காப்பாற்ற வேண்டும், தொழிலையும் காப்பாற்ற வேண்டும். எதை முதலில் காப்பாற்றினார் என்று சொல்லத் தேவையில்லை.

"இதோ பாரும்மா. சனிக்கிழமை கால் கிளினிக் நோயாளிங்க செருப்பு வாங்க வர்றாங்க. அதுக்குள்ள டேப்புல இருக்கறது வந்தா வரட்டும். இல்லேன்னா எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்துக்கலாம். உன்னோட ரூமைத் தோல் அடுக்க விட்டுடலாம். நீ முன்னாடி கவுன்ட்டர்ல உக்காந்து வர்றவங்களைப் பாத்து சிரி. போதும்."

மறுபடி அளவு. எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஊரை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் அண்ணனும் அறிவார். தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போனது பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்கு. மூடிப்போன அலுவலகங்களின் சாமான்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கடைக்காரர் இரண்டு டிரைவ்களை எடுத்து வைத்தார். ஒன்று அவள் டேப்பைவிட ஒரு தலைமுறை புதியது, மற்றது இரண்டு.

"இதை எடுத்துக்கோங்கம்மா" என்று முதலாவதைத் தள்ளினார். "உங்க டேப்பைப் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். அது வெறுமனே படிக்க மட்டுந்தான்."

"படிக்க மட்டும் தெரிஞ்சதையே குடுங்க."

"ரெண்டும் ஒரே விலைதான். எதுக்கும்மா குறைச்சலா எடுக்கறீங்க?"

"எங்க வீட்ல சும்மா இருக்காத கை ஒண்ணு இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவருக்கும் மச்சினன் இருந்திருக்கலாம்.

அடுத்த சிக்கல் ஒயர். பழைய டிரைவின் கேபிள் பட்டையாக, வாய் நிறையப் பல்லோடு இருக்கும். இதற்கோ விரல் கனத்தில் ஒரு கேபிள், அதை வாங்கிக்கொள்ள கம்ப்யூட்டருக்குள் தனி கார்டு வேண்டும். புது டிஸ்க் போட்டு எழுப்பிய அவர்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டு இல்லை. கடைக்காரரிடமும் இல்லை. பட்டறைக்குத் திரும்பி, மூலையில் கிடந்த புது டிரைவின் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தெர்மாகோலுக்கு நடுவிலிருந்து விழுந்தது அதே கார்டு, அதே கேபிள். புது டிரைவுக்கும் அதுதான் வேண்டும் என்பது பெட்டியை வாங்கியவனுக்கே தெரியாது. அவன் அதை ஏதோ இலவச இணைப்பு என்று நினைத்திருந்தான்.

கார்டைப் பொருத்தி, கேபிளைச் செருகி, கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளினாள். டிரைவ் அதைத் திருப்பித் தள்ளவில்லை. உள்ளே நாடா சுற்றும் ஓசை கேட்டது. அறை வாசலில் கூட்டம்: அண்ணன், அண்ணி, சகலமும், அச்சு மேஸ்திரி.

திரையில் ஒரு வரி வந்தது. "அடையாளம் தெரியாத டேப். அழித்துப் புதிதாகத் தயார் செய்யவா?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் சகலமும். தங்கை கேபிளைச் சரிபார்க்கக் குனிந்த நேரத்தில், எட்டி 'ஆம்' என்பதை அழுத்தியும் விட்டான்.

மேஸ்திரி பின்னாலிருந்து "ஐயையோ தம்பி" என்றார்.

டிரைவ் சற்று யோசித்தது. பிறகு இந்த டேப்பில் தன்னால் எழுத முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது.

தங்கை நிமிர்ந்தாள். அவன் கையை மேசையிலிருந்து எடுத்து, அவன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். "இதுக்குத்தான் எழுதத் தெரியாததா பாத்து வாங்கினேன். கை அங்கயே இருக்கட்டும்."

அண்ணி தம்பியின் சட்டையைப் பிடித்து ஒரு அடி பின்னால் இழுத்தாள்.

ஆனாலும் திரையில் கால் வரவில்லையே. தங்கை இன்னொரு முறை ஓடவிட்டு, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். நாடா சுற்றுகிறது, நிற்கிறது, அதற்குப் பிறகுதான் மறுப்பு வருகிறது. டேப்பையே பார்க்காத மறுப்பு இல்லை இது. பார்த்து, வாயில் போட்டு, விழுங்க முடியாமல் துப்புவது.

"என்னம்மா, அவ்வளவுதானா?" என்றார் அண்ணன்.

"பழைய டிரைவ் பெரிய பெரிய கவளமா உருட்டி வச்சிருக்கு அண்ணா. இந்தக் கம்ப்யூட்டர் சின்னக் கவளமாத்தான் வரணும்னு அடம்புடிக்குது. அளவு மாறினதும் இது டேப்பே இல்லங்குது."

"அப்ப?"

"வாயை அளவெடுக்காம திறந்து வைன்னு சொல்லணும்."

கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், ஒரு துண்டின் அளவு என்றிருந்த இடத்தில் எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டாள்: எந்த அளவில் வருகிறதோ அந்த அளவில் வாங்கிக்கொள் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் ஒருத்தி பெரிய அளவை விட்டுவிட்டுப் பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் தடவை.

நாடா சுற்றியது. நிற்கவில்லை. திரையில் பெயர்கள் எறும்பு வரிசையாக இறங்க ஆரம்பித்தன. ஒன்றைத் தொட்டுத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பாதம் மெல்லத் திரும்பியது, கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியபடி.

"நம்ம தபால்காரரு" என்றார் மேஸ்திரி. அடுத்தது வந்தது. "இது அந்த டீச்சரம்மா. குதிகால் பாருங்க." அப்புறம் யாரும் அவரை நிறுத்தவில்லை. ஊரின் கால்களெல்லாம் வரிசையாக வர, பெண் பார்க்க வந்த வீட்டில் உறவுக்காரர்களை அறிமுகம் செய்வதுபோல் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போனார். அண்ணியே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "என்னோடது எங்க?" என்று கேட்டாள்.

அன்று மாலைக்குள் கிளினிக்கின் முதல் அச்சு கடைசலில் ஏறியது. சனிக்கிழமை வந்தவர்கள் ஒருவரும் மறுபடி ஸ்கேனரில் கால் வைக்க வேண்டியிருக்கவில்லை. புதுச் செருப்பில் கால் வைத்து நடந்து போனார்கள். மூலையில் கிடந்த புது டிரைவும் வீணாகவில்லை. மீட்டதையெல்லாம் புது கார்ட்ரிட்ஜில் எழுத அவள் அதைத்தான் பக்கத்திலேயே பொருத்தினாள். "என் தம்பி வாங்கினதுதான் கடைசில உதவிச்சு" என்று அண்ணி தெரு முழுக்கச் சொன்னாள். தங்கை மறுக்கவில்லை. ஜெயித்தவளுக்கு அந்தத் தாராளம் உண்டு.

திங்கட்கிழமை அந்த அறைக் கதவு தட்டப்பட்டது. அதுவரை அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. நேராக உள்ளே வந்து, தோல் கட்டுகளை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

"நாந்தாம்மா" என்றார் முதலாளி. "புதுசா ஒரு பிரிண்டர் வாங்கணும். எது வாங்கலாம்னு கேக்கலாம்னு... வரலாமா?"

"வா. செருப்பை வெளிய விட்டுட்டு வா" என்றாள் தங்கை. "தூசி மெஷினுக்கு ஆகாது."

செருப்புப் பட்டறை முதலாளி வாசலில் குனிந்து, தன் கையால் தைத்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.