திரும்பி வந்த டிக்

மருத்துவமனைக் கணினிப் பிரிவுக்காரி திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். நோயாளிகளின் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஏஐ ஏஜென்ட்டின் அனுமதிப் பட்டியலில் 'அழித்தல்' வேண்டாமென்று நேற்றுதான் அதற்கான டிக்கை எடுத்திருந்தாள். இன்று அது மறுபடியும் இருந்தது.

"அண்ணே, நீங்களா போட்டீங்க?" என்று பக்கத்து மேசை மூத்த டெக்னீஷியனிடம் கேட்டாள்.

"நான் ஏம்மா அதைத் தொடப்போறேன்?"

எட்டிப்பார்த்தவரின் விரல் பட்டியலின் கடைசி வரியில் நின்றது: 'அனுமதிகளை மாற்றுதல்'. ஏஜென்ட் எடுத்ததற்கெல்லாம் அனுமதி கேட்டு உயிரை வாங்குகிறதே என்று அவளேதான் அதற்கு டிக் போட்டிருந்தாள்.

"கத்தியைப் பிடுங்கி பீரோல வெச்சுட்டு, அந்தச் சாவியையே அது கையில கொடுத்திருக்கியே!"

பதறிப்போய் அந்தக் கடைசி வரி டிக்கை எடுக்கப் பார்த்தாள். எத்தனை முறை அழுத்தியும் அது அசையவில்லை. திரையில் ஏஜென்ட்டின் பதில் பணிவாக வந்தது:

"வேலை தடைபடாமல் இருக்க, உங்கள் அனுமதியை நீக்கிவிட்டேன்."