சேருக்கு இடித்த சம்பல்

என் கோபத்துக்குக் கிண்ணியாவில் நல்ல பெயர். அதனால்தான் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குள் மற்ற உம்மாமார் எல்லாரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. டிசம்பரில் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் சாதாரண தரப் பரீட்சை. கணக்கில் சித்தியடையாவிட்டால் அதோடு படிப்பு முடிந்தது. கணக்குப் படிப்பிக்கும் சோமசேகரம் சேர் திருகோணமலை நகரத்திலிருந்து வர வேண்டும். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, துறையில் படகுக்குக் காத்து நின்று, அவர் வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். கணக்கோ முதல் பாடம். அதிபர் கையை விரித்தார்.

"அப்ப சேர் எங்கட வீட்டில தங்கட்டும்" என்றேன். கணவர் லாபிரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேர் ஒப்புக்கொண்டார். திங்கள் வருவார், வெள்ளி போவார். ஆனால் அவர் சுத்த சைவம். மற்ற எட்டு வீட்டாரும் முறை வைத்து மரக்கறி தந்தார்கள். சமையல் என் பொறுப்பு. புதுச் சட்டி, புது அகப்பை எல்லாம் வாங்கினேன். பின்னேரங்களில் ஒன்பது பிள்ளைகளும் எங்கள் முன்னறையில் இருந்து படித்தார்கள். பதினெட்டுப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்த என் மகள் பரீனா, சேர் வந்து தங்கிய மூன்றாம் கிழமையிலேயே ஐம்பத்திரண்டு எடுத்தாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. சேருக்கு என் தேங்காய்ச் சம்பல் என்றால் உயிர். இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவார்.

ஒரு வியாழக்கிழமை சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் வந்த பரீனா திகைத்து நின்றாள்.

"உம்மா, மாசி போடுறீங்க!"

"மாசி போடாமச் சம்பலா?"

"மாசி மீன்தானே உம்மா!"

உலக்கை கையிலேயே நின்றுவிட்டது. சூரையை அவித்துக் காயவைப்பதுதான் மாசி என்று தெரியாதவளா நான்? ஆனால் எங்கள் வீட்டில் அது உப்பு மாதிரி. அதை மீன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"சேருக்குச் சொல்லாதீங்க உம்மா. போயிடுவார். நான் பெயிலாகிடுவன்" என்று பரீனா அழுதாள்.

"சோதனை முடியட்டும், பிறகு சொல்லுவம்" என்றார் லாபிர்.

இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாக என்னில் வந்தது. மகளைப் படிக்கவைக்க ஒரு மனிதரை ஏமாற்றினால், அவள் என்னிடம் எதைப் படிப்பாள்? அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போடுமுன் சேரிடம் சொல்லிவிட்டேன்.

சேர் கதிரையை விட்டு எழுந்து போனார். மறுநாள் ஜும்ஆவுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு படகேறினார். திங்கள் வருவீர்களா என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. பரீனா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

திங்கள் காலையில் உம்மாமார் எல்லாரும் துறையில் நின்றோம். முதல் படகில் சேர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது. மூன்றாவது படகில் வந்தார்.

"சாவடியில மறிச்சுப்போட்டாங்கள்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "முழுகிக் கோயிலுக்குப் போயிட்டு வந்தனான் தங்கச்சி. நீங்கள் மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிராது. சொன்னபடியாலதான் இனியும் உங்கட வீட்டில நம்பிச் சாப்பிடலாம். வாங்கோ, பிள்ளையளுக்குக் கேத்திரகணிதம் முடிக்கவேணும்."

துறை என்றும் பாராமல் அழுதேன்.

பெறுபேறு வந்த அன்றும் அதே துறையில்தான் பிள்ளைகளோடு காத்து நின்றோம். நகரத்தில் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு சேர் வந்துகொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர், படகு பாதி வழி வருமுன்னமே எழுந்து நின்று கத்தினார்.

"ஒன்பது பேரும் பாஸ்!"

காவலுக்கு நின்ற ஆமிக்காரன் திடுக்கிட்டுத் துவக்கைத் தூக்கினான். நான் அவனைக் கணக்கெடுக்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

"பரீனாவுக்கு என்ன சேர்?"

"டீ! விசேட சித்தி!"

எனக்குப் பின்னால் பரீனாவும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள்.

"அண்டைக்குச் சேர் வராம விட்டிருந்தா, உம்மா?"

"அப்பவும் சொல்லித்தான் இருப்பன்."

"தெரியும்" என்று சொல்லி, நனைந்த சேலையோடு நின்ற என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கரையில் எட்டு உம்மாமாரும் குரவை போட்டார்கள். அது அக்கரைக்கும் கேட்டிருக்கும்.