பதினேழாம் படி

எழுந்தான். பல் துலக்கினான். ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்தான். வேலைக்குக் கிளம்பினான்.

ஆய்வுக்கூடத்தில் மச்சினி முன்பே வந்திருந்தாள். அவளுக்கும் அங்கேதான் வேலை.

"மாமா, டெட்லைன் வந்து உறுமிட்டுப் போயாச்சு. மதியத்துக்குள்ள பலகை கேபிளோட ஒத்துப்போகலைன்னா குப்பைக்குத்தானாம்."

டெட்லைன் என்பது மேலாளரின் பட்டப்பெயர்.

பலகை அவனும் மனைவியும் கட்டிய சர்க்யூட்; ஒரு நீண்ட கேபிளின் நகல். வேகமாகத் துடிக்கும் சிக்னலுக்கு நீண்ட கேபிள் வெறும் கம்பி அல்ல. இந்த முனையில் விட்டது அந்த முனைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் கேபிளைத் துண்டு துண்டாகப் பாவித்து, துண்டுக்கு ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் வைத்து, ஏணி மாதிரி நாற்பது படி. கேபிளின் வயிற்றுக்குள் நடப்பதை எந்தப் படியிலும் தொட்டுப் பார்க்கலாம்.

இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் சர்க்யூட்டில் மற்றவர் திருட்டுத்தனமாக ஒரு பிழை வைப்பார். கண்டுபிடிக்கிற வரை வீட்டில் பாத்திரம் கழுவுவது ஏமாந்தவர் பாடு. கடைசிப் பிழையை இந்தப் பலகையில் வைத்தவள் அவள். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள். அதன்பிறகு அவன் பலகையின் உறையை எடுக்கவில்லை.

இன்று எடுத்தான். பலகையில் சிக்னல், நிஜக் கேபிளில் வருவதைவிடக் கொஞ்சம் முந்தி வந்தது. திரையில், நடுவழியிலிருந்து ஒரு சின்னப் பள்ளம் திரும்பி வந்தது. அது போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி, ஒரு படிக்கு ஆகும் நேரத்தால் வகுத்தான். பதினேழாம் படி.

பலகையைத் திருப்பினான். அந்தச் சுருளின் இரண்டு காலையும் ஒரு மயிரிழைக் கம்பி சேர்த்திருந்தது. சுருள் இருந்தும் இல்லாத கணக்கு. கம்பி கண்ணில் படாமலிருக்க, பலகையின் பச்சையையே அதன்மேலும் பூசியிருந்தாள். கைகாரி.

சால்டரிங் அயர்ன் சூடேறியது. அவனுக்குக் கை ஓடவில்லை.

"எடுங்க மாமா. டெட்லைன் வர்றாரு."

"எடுத்தா ஆட்டம் முடிஞ்சிடும்."

"எடுக்கலைன்னா பலகையே போயிடும். அப்புறம் எங்க ஆட்டம்?"

எடுத்தான். பள்ளம் மறைந்தது. டெட்லைன் எட்டிப் பார்த்தார். கேபிளின் கோடும் பலகையின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. திட்ட ஒன்றும் அகப்படாமல், மேசையில் தூசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அக்கா கடைசியா அம்மாவைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனதாச் சொன்னீங்க," என்றாள் மச்சினி. "அக்கா அப்படியெல்லாம் பேசுற ஆளா? நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னான். அன்று மாலை மனைவி இதே கதவருகே, ஒரு கால் செருப்பை மாட்டியபடி சொன்னது:

"ஒரு படி அம்பேல். கண்டுபிடிக்கிற வரைக்கும் பாத்திரம் உன் தலையில."