சிவக்காத லிட்மஸ் தாள்

என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் அறிவியல் பாடம் நடத்த வந்தாள். அந்த நிலையத்தில் நான் கேமராக்காரன். வீட்டில் அவள் சொன்னபடி ஆடுவது போதாதென்று ஸ்டுடியோவிலும் ஆட வேண்டியதாயிற்று.

பாடம் நேரடி ஒளிபரப்பு. பள்ளிகளுக்கெல்லாம் பெட்டி கொடுத்திருந்தார்கள், பிள்ளைகள் வகுப்பிலேயே பார்ப்பார்கள். கொஞ்ச நாள் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று நிலையத் தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய வேலையில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டதால் அவளுக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை.

அன்றைய பாடம் அமிலம். நீல லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் முக்கினாள். தாள் ஜோராகச் சிவந்தது. திரையில் மட்டும் முன்னும் சாம்பல், பின்னும் சாம்பல். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு நிறம் மாறுகிற சோதனை! தாளை வீணாக்க வேண்டாமென்று ஒத்திகையில் வெறும் கையை ஆட்டிக் காட்டியதோடு சரி. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற என் மரமண்டைக்கும் அது உறைக்கவில்லை.

நான் பதறிப்போய் ஜாடை காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடியே சிரித்துக்கொண்டு, "பாத்தீங்களா பசங்களா, எவ்வளவு அழகா சிவந்துடுச்சு!" என்றாள், கூசாமல்.

தலைவருக்கு ஒரே குஷி. "சமாளிச்சீங்க பாருங்க, இதுதாம்மா டிவி!" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாள் என்ன கலராச்சுன்னு டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் சிவப்புன்னு கத்தினாங்க. நான் மாறவே இல்லைன்னேன்."

"அப்புறம்?" என்றாள் மனைவி.

"உங்கம்மா பாடத்தையே ஒழுங்கா பாக்கலையான்னு பெஞ்சு மேல ஏத்திட்டாங்க." கையைப் பிசைந்துகொண்டே, "எனக்குக் கண்ணு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த பாடத்தில் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அவள் சொன்னபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வேலை போயிடும்டி."

"போனா போகட்டுங்க. பாக்காததைப் பாத்தேன்னு ஒரு வகுப்பே கத்தியிருக்கு. இதைக் கத்துக்கொடுக்கவா நான் போனேன்?"

அடுத்த ஒளிபரப்பில் வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்துவிட்டாள். "போன தடவை தாள் சிவந்துடுச்சுன்னு சொன்னேன். இங்க சிவந்தது நிஜம். ஆனா உங்க பெட்டியில அது தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் பேசினது தப்பு. மாறலைன்னு சொன்னவங்கதான் ஒழுங்கா பாத்தவங்க."

என் ஹெட்போனில் தலைவர் கத்தினார்: "கேமராவைத் திருப்புய்யா! திருப்பலைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க!"

நான் கேமராவைத் திருப்பவில்லை. அவள் முகம் திரை முழுக்கத் தெரிகிற மாதிரி இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.