தொண்டைக்குழியில் ஒரு சில்வண்டு

பேசப் பேச ஏறி இறங்குகிறது அந்தப் பச்சைச் சில்வண்டு, மலரின் தொண்டைக்குழியில் தங்கக் கால்களை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, இன்னும் அரை மணி நேரத்தில் இதயக் குழாய் அடைப்புக்குள் கம்பி விடப்போகிறார்கள், இவளோ பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெண்ணிடம் ரெண்டாங் கறிக்குத் தேங்காயை எந்த நிறம்வரை வறுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு எரிச்சல், தேங்காய்மேல் அல்ல, அந்தப் பூச்சிமேல், கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நானாகப் போய் இவளுக்கு வாங்கிய ஒரே பொருள், அதுவும் இப்படியா வந்து வாய்க்க வேண்டும், பினாங்கில் பழைய சாமான் கடை, சீனக் கிழவர் கண்ணாடித் தட்டில் எடுத்து வைக்கிறார், நாக்கு நீளத்தில் பச்சை ஜேட் கல்லில் செதுக்கிய சில்வண்டு, மடித்த இறக்கை, முட்டைக் கண், ரொம்பப் பழசு என்கிறார், எதற்குச் செய்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் இருந்தால் என் வாழ்க்கையில் பாதி நடந்தே இருக்காது, நகைக்கடைப் பத்தர் கல்லைத் துளைக்க மனசு வராமல் மெல்லிய தங்க விளிம்பு கட்டி, ஆறு காலும் வைத்து, சங்கிலியில் மாட்டி, புது டிசைன் சார், அக்கா அசந்துபோயிருவாங்க என்றார், அசந்தாள்தான், அதற்கப்புறம் கழற்றவேயில்லை.

தீபாவளிக்கு முறுக்குத் தின்ன வந்த பக்கத்து வீட்டு தியோ டீச்சர், சீனப் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர், மலரின் கழுத்தைப் பார்த்ததும் கடித்த முறுக்கை மெல்லாமல் நின்றார், பிறகு என்னைச் செருப்பு அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அந்தக் காலத்தில் இதைப் பிணத்தின் நாக்கில் வைப்பார்கள், மண்ணுக்குள்ளிருந்து சில்வண்டு மறுபடி வருகிற மாதிரி அவர்களும் வரட்டும் என்று, என்றார், எங்கள் வாய்க்கரிசி மாதிரியா என்றேன், ஏறக்குறைய என்று சொல்லி மீதி முறுக்கைத் தின்றார். நான் பகுத்தறிவுக்காரன், ராகு காலத்தில் பெண் பார்க்கப் போனவன், ஆனாலும் அன்றிலிருந்து அதைக் கழற்றவைக்கப் பார்த்தேன், சங்கிலி கறுத்துவிட்டது என்றேன், திருடன் பயம் என்றேன், பச்சை உனக்கு எடுக்கவில்லை என்றேன், அவள் சிரித்தாள், மதியத் தூக்கத்தில் அது என் நாக்கில் உட்கார்ந்து கத்துகிறது, கத்துவது அவள் குரலில், விழித்தால் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், கழுத்தில் அது, அடுத்த மாதம் மாடிப்படியில் மூச்சு வாங்கினாள், டாக்டர் படத்தைக் காட்டி அடைப்பு என்றார், நான் படத்தில் பூச்சியைத் தேடினேன்.

தாலிக்கொடியை நேற்றே வீட்டில் கழற்றி வைத்தவள், இதை நர்ஸ் இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் கழற்றி என் கையில் வைத்தாள், சூடாக இருந்தது, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது, என் சட்டைப் பையில் ஓட்டை, மூன்று வாரமாகத் தைக்கச் சொல்கிறேன், கையில் வியர்வை, அதனால்தான் வாயில் போட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம், நாக்கில்தானே உனக்கு இடம், இந்தா இந்த நாக்கு, அவளை விடு, என்று ஒரு பகுத்தறிவுக்காரன் ஆஸ்பத்திரி நாற்காலியில், உதட்டோரம் சங்கிலி தொங்க, இதய நோய்ச் சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், தங்கக் கால் குத்துகிறது, நர்ஸ் வந்து நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்கிறாள், தலையை மட்டும் ஆட்டுகிறேன், ஒரு மணி நேரமா, ஒரு வருஷமா, கதவு திறந்து கட்டில் உருண்டு வருகிறது, ஒரு கையில் கட்டுப் போட்டு மலர், வெளுத்துப்போய், கண் நேராக என் உதட்டுக்கு.

பொணத்துக்கு வைக்கிறத வாயில போட்டுக்கிட்டு என்னங்க பண்றீங்க.

அவளுக்குத் தெரியும், தியோ டீச்சர் அன்றைக்கே சமையலறையில் அவளிடமும் சொல்லிவிட்டாராம், தெரிந்துமா போட்டுக்கொண்டாய் என்று நான் குழறுகிறேன், நீங்களா போயி வாங்கினதாச்சே, செத்தப்புறம் வெச்சா நான் எப்படிப் பாக்கிறது, துப்புங்க மொதல்ல, என்று நல்ல கையை நீட்டுகிறாள், துப்புகிறேன், போர்வையில் துடைக்காமல்கூட மாட்டிவிடச் சொல்கிறாள், நர்ஸ் முறைக்க முறைக்க மாட்டுகிறேன், பேசாமல் படு என்று கத்துகிறேன், கண் ஏன் கரிக்கிறது, அவள் எங்கே பேசாமல் படுக்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், தேங்காய் நல்லாக் கறுக்கணுமாம் என்கிறாள், என் எச்சில் காயாத சில்வண்டு அவள் தொண்டைக்குழியில் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது.