மும்தாஜ் டீச்சரின் எரிமலைக் கல்

1

இந்தக் கதை ஒரு கைப்பையிலிருந்து வந்தது. அம்பாசமுத்திரத்தில் மாலைப் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மா கைக்குட்டைக்காகப் பையைக் கிளறியபோது, கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கல் என் மடியில் விழுந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'எரிமலைக் கல்' என்று எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தது. கல்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நடந்தது இவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

"தாமிரபரணி தன் வரலாற்றைக் கற்களில் எழுதி..." (வேண்டாம். ஆறு எதையும் எழுதாது. எழுதுகிற ஆள் நான்தான்.)

மறுபடி தொடங்குகிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் பதினெட்டு வருடமாகப் புவியியல் நடத்தும் மும்தாஜ் பேகம் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று உத்தரவு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த எரிமலைக் கல்லை எடுத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பில் வருடாவருடம் கைக்குக் கை சுற்றிவரும் கல் அது.

சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பள்ளி ஐயம்பெருமாள் சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், இது கல்லு இல்ல. மில்லு கொதிகலன்ல கரி எரிஞ்சு உருகுன கசடு. எங்கப்பா அங்கதான் வேல பாத்தாவ. ஊருல பள்ளம் மேடெல்லாம் இதக் கொட்டித்தான் நெரப்புனாவ."

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆயிரம் பிள்ளைகளாவது அதைத் தொட்டிருப்பார்கள்.

3

பயிற்சி கொடுக்க வந்தவள் அர்வா, மும்தாஜ் டீச்சரிடமே படித்தவள். (இதென்ன இவ்வளவு பொருத்தம் என்று முகம் சுளிக்கிறீர்கள். வேறு ஆளைப் போட்டுப் பார்த்தேன், டீச்சருக்கு வலிக்கவே இல்லை. அர்வாவே இருக்கட்டும்.)

டீச்சர் கல்லை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. "இது கசடுன்னு ஒனக்கு எப்பம் தெரியும்?"

"காலேஜ் மொத வருசமே தெரியும் டீச்சர்."

"ஏன் சொல்லல?"

"அதத் தொட்டுப் பாத்துதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அது பொய்யின்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுதது?" தன் பெட்டியிலிருந்து அசல் எரிமலைப் பாறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத வச்சுப் பேசுங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

4

முடிவு அ: அசலை வைத்துப் பேசி டீச்சர் கைதட்டல் வாங்குகிறார். (சீட்டில் கோடு விழுந்திருக்காதே. தள்ளுபடி.)

முடிவு ஆ: எல்லார் முன்னும் உண்மையைச் சொல்கிறார், அர்வா அழுகிறாள், அரங்கமே எழுந்து... (கூச்சமாக இருக்கிறது. பெரியவர்களிடம் ஒப்புக்கொள்வது அப்படியொன்றும் கடினமில்லை.)

கடினமான இடம் வேறு. நாளை காலை ஒன்பதரைக்கு எட்டாம் வகுப்பில் எரிமலைப் பாடம். டீச்சர் அந்தப் பழைய கசடையேதான் கொண்டுவருகிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் மடியில் விழுந்தது அதுதான். முதல் பெஞ்சில் அதைக் கையில் வாங்குவது நீங்கள். சீட்டில் அடித்த கோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்கிறீர்கள்.

டீச்சர் என்ன சொன்னார்?