இரண்டு பந்தியிலும் அத்தை

பந்திக்கு முந்து என்று சொல்லிவைத்தவன் கப்பலில் போயிருக்க மாட்டான். சொகுசுக் கப்பலில் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டரைக்கு இரண்டாம் பந்தி. யாருக்கு எந்தப் பந்தி, எந்த மேசை என்பதெல்லாம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள், பரிமாறுகிறவர்கூட அதே ஆள். கல்யாணம் மாதிரிதான். யோசிக்க வேண்டியதை எல்லாம் முன்னாலேயே யோசித்துவிட வேண்டும்.

எங்கள் பயணத்தை யோசித்தது என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. பெண்ணைக் கட்டியவன் நான். அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மாமனார் இறந்தபோது நாங்கள் வெளியூரில் இருந்தோம். விமானம் தாமதமாகி மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தோம். அதற்குள் மச்சான் அடக்கத்தை முடித்துவிட்டான்.

"ஒரு ராத்திரி வச்சிருக்கக் கூடாதாடா? அப்பா முகத்த ஒரு தடவ பாக்க விடலையே!" என்று வாசலிலேயே கத்தினாள் என் மனைவி.

"உயிரோட இருந்தப்ப பாக்க வரல, இப்ப என்ன முகம்?" என்று திருப்பிக் கொடுத்தான் அவன்.

இரண்டு பேருக்குமே அது சொல்லக்கூடாத சொல். சொன்னவர்கள் மறந்திருக்கலாம், கேட்டவர்கள் மறக்கவில்லை. நடுவில் அத்தை மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தார். "மாப்பிள்ளை, வீடுன்னா யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போயிடறாங்க. நடுக்கடல்ல எங்க போவாங்க? அஞ்சு பேருக்கும் ஒரே மேசை சொல்லிடுங்க. உப்பக் குடு, தண்ணியத் தள்ளுன்னாவது பேசித்தானே ஆகணும்? எனக்கு வேற ஆசையே இல்ல. ரெண்டு பேரும் ஒரே மேசைல சாப்பிடறதப் பாத்துட்டா போதும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, வாய் கிடையாது. அத்தை சொன்னபடி முதல் பந்தியில், ஜன்னல் ஓரத்தில், ஐந்து நாற்காலி போட்ட மேசையாகப் பார்த்துச் சொல்லிவைத்தேன்.

கப்பல் ஏறிய அன்று மேசையைப் பார்த்ததுமே என் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேராகச் சாப்பாட்டுக்கூட மேலாளரிடம் போனாள். கறுப்புக் கோட்டும் கழுத்தில் போ டையுமாக நின்றிருந்த அவருக்கு அன்றைக்கு எங்களைப் போல எத்தனை குடும்பமோ, முகத்தில் களைப்பு தெரிந்தது.

"எங்க ரெண்டு பேரையும் ரெண்டாம் பந்திக்கு மாத்திடுங்க."

"மாத்திடலாம். அம்மா எந்தப் பந்தில?"

"எங்களோடதான்" என்றாள் என் மனைவி. அதே நேரத்தில் பின்னால் வந்து நின்ற மச்சான், மேலாளரைப் பார்த்து, "அம்மா எங்ககூட முதல் பந்தி சார்" என்றான். அக்கா பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மேலாளர் அத்தையைப் பார்த்தார். அத்தை சிரிக்க முயன்றார். "ரெண்டுலயும் ஒரு நாற்காலி போட்டு வையுங்க. ரெண்டு பந்திலயும் வந்து உக்காந்துக்கிறேன்."

"தாராளமா வாங்கம்மா. கப்பல்ல யார் எத்தன தடவ சாப்பிட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் அவர்.

அப்படித்தான் அந்தக் கூத்து தொடங்கியது. ஒரே ஜன்னல், ஒரே மேசை. ஆறு மணிக்கு அங்கே மச்சானும் அவன் மனைவியும் அத்தையும். அவர்கள் எழுந்த பிறகு மேசை விரிப்பை மாற்றுவார்கள், எட்டரைக்கு நாங்கள் உட்காருவோம். இடைப்பட்ட நேரத்தில் அத்தை மாடிப்படி ஓரத்து பெஞ்சில் காத்திருப்பார். பிறகு சற்று முன் எழுந்துபோன அதே நாற்காலிக்கு, புதிதாகப் பசித்து வருகிறவர் மாதிரி வந்து சேருவார்.

எங்களிடம் சொன்னது இதுதான்: "அங்க சும்மா ஒரு சூப்பக் குடிச்சுட்டு உக்காந்திருந்தேன். சாப்பாடு உங்ககூடத்தான்." என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிடும். சூப், ரொட்டி, மீன், கடைசியில் இனிப்பு என்று ஒவ்வொன்றாக வர வர, அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை ஒரு துண்டை ஒதுக்கினால் போதும், "அங்க சாப்பிட்டுட்டியா?" என்று கேட்பாள். அத்தை ஒதுக்கியதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மேல்தளத்தில் மச்சான் மனைவியைப் பார்த்தேன். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணா என்பாள். எங்கள் இருவருக்குள் சண்டை ஏதும் இல்லை. வேலைக்காரர்களைப் போல ஒளிந்து ஒளிந்துதான் பேசிக்கொள்வோம்.

"அத்தைக்கு இங்க நல்லா பசிக்குதுண்ணா. வீட்டுல கொறிப்பாங்க. இங்க தட்டத் தொடச்சு வைக்கிறாங்க. உங்க பந்தில சும்மா உக்காந்திருக்காங்களாமே?"

எங்களிடமும் அத்தை அதையேதான் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் பெஞ்சில் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. நீங்க தினம் ரெண்டு விருந்து சாப்பிடறீங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்டுபிடிச்சுட்டீங்களா? சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. இங்க சாப்பிடலன்னா அவன் முகம் சுருங்கும், அங்க சாப்பிடலன்னா அவ முகம் சுருங்கும். ரெண்டு தட்டுதானே, போகட்டும். கடைசி நாளுக்குள்ள எப்படியாவது ஒண்ணா உக்கார வச்சுடறேன்."

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். "எங்கம்மா எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க. அவன் பொண்டாட்டி கதை கட்டறா. நீங்களும் நம்பிட்டு வந்து நிக்கறீங்க" என்றாள். மறுநாள் அம்மாவுக்கு இன்னொரு துண்டு மீன் கூடுதலாக வாங்கி வைத்தாள். கோபத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியில் எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும், அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் யாருடன் சாப்பிடுகிறாரோ அவர்கள்தான் போட்டுவிடுவது வழக்கம். முதல் பந்திக்கு முன் மகன் அம்மாவின் அறைக்குப் போய்ப் போட்டுவிட்டான். இரண்டாம் பந்திக்கு முன் மகள் போய்ப் போட்டாள். அம்மா தன்னுடன்தான் சாப்பிடுகிறாள் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். நீ போட்டாயா என்று கேட்க அவர்களுக்குள் பேச்சு இல்லை. எனக்குப் போட்டாயிற்று என்று சொல்ல அத்தைக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் அங்கே சாப்பிட்டதும் தெரிந்துவிடுமே!

இரண்டு சாப்பாடு, இரண்டு ஊசி. எப்படியோ ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொண்டு வந்தது, ஐந்தாம் நாள் கடல் கொந்தளிக்கும் வரை.

அன்று மத்தியானமே கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. எட்டு மணி வாக்கில் பெஞ்சில் அத்தையைப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது. முதல் பந்தியில் ஒரு வாய்கூட நிற்கவில்லை, எல்லாம் வாந்தியாகிவிட்டது என்றார்.

"அத்தை, ரெண்டாம் பந்திய விடுங்க. போய்ப் படுங்க."

"அவ காத்துக்கிட்டு இருப்பா. உக்காந்துட்டு வந்துடறேன்" என்று அறைக்கு எழுந்து போனார். அங்கே மகள் ஊசியோடு காத்திருந்தாள்.

மேசைக்கு வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. சூப் வந்தது. அத்தை கையிலிருந்த கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் டக் டக்கென்று இடித்தது.

"சாப்பிடும்மா" என்றாள் என் மனைவி.

"சாப்பிட்டேனே" என்றார் அத்தை. குரல் குழறியது. பிறகு மகளை உற்றுப் பார்த்து, "நீங்க எந்தப் பந்தி?" என்று கேட்டார். அப்படியே மேசைமேல் சாய்ந்தார்.

கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னார்கள். பரிமாறுகிறவர் மருத்துவ அறைக்கு வழி காட்டி எங்களுக்கு முன்னால் ஓடினார். கப்பல் மருத்துவர் ஓர் அம்மாள், சளைக்காதவர். விரலில் குத்திப் பார்த்தார், உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிப்போச்சு. சாயங்காலம் ஊசி போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"நான்தான்" என்றான் மூச்சு வாங்க உள்ளே வந்த மச்சான்.

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் அங்கேதான் பேசினார்கள், அம்மாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு.

"போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"யார்கிட்ட சொல்றது? உங்கிட்டயா?"

"அப்பாவத்தான் பாக்க விடல. இப்ப அம்மாவையும் பாக்க விடாம பண்ணப் பாத்தியா?"

"கடைசி ஊசி யாரு போட்டது? கடைசி ஊசி யாரு போட்டது, சொல்லு!"

தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். நான் இரண்டு பேரையும் வெளியே தள்ளினேன். மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சத்தம் போட்டது அன்றுதான். திரும்பிப் பார்த்தபோது அத்தை கண் மூடித்தான் இருந்தது. ஆனால் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பயணம் அவ்வளவுதான் என்று நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினோம். ஆம்புலன்ஸில் துணைக்கு ஒருவர் மட்டும் ஏறலாம் என்றார்கள். இரண்டு பேரும் கால் எடுத்து வைத்தார்கள். "மாப்பிள்ளை வரட்டும்" என்றார் அத்தை.

பிழைத்துவிட்டார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறோம் என்றார்கள். மத்தியானம் நடைபாதையில் வந்து பார்த்தால், ஒரு முனை பெஞ்சில் என் மனைவி, மறுமுனை பெஞ்சில் மச்சான். இரண்டு பேர் மடியிலும் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம். வெளியே ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல, பை ஒன்றுபோலவே இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அத்தை பொட்டலங்களைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"அங்க ஓரமா வச்சுடுங்க மாப்பிள்ளை. எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கல. ரெண்டு சாப்பாட்டுக்கு ரெண்டு ஊசி, கணக்கு சரிதானேன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அவங்களத் திட்டாதீங்க."

"நான் யாரையும் திட்டல அத்தை."

"நேத்து அவங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "பேசினா போதும்னு நெனச்சேன். பேசிட்டாங்க. எனக்கு அந்த ஆசை விட்டுப்போச்சு மாப்பிள்ளை. இனிமே அவங்கள ஒரு மேசைல உக்காத்தி வைக்கணும்னு யாரும் மெனக்கெட வேணாம்."

சமாதானமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தேன். அழுகைதான் வந்தது.

அப்போது நர்ஸ் மருத்துவமனைக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். உப்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளைக் கஞ்சி. அத்தை கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். கரண்டியை எடுத்தவர் தயங்கினார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க. யாரும் பாக்காம சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் அவர் நிதானமாகச் சாப்பிடுவது கேட்டது. பாதியில் போதும் என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். தட்டில் மிச்சம் வைக்க அவருக்கு அன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது.

"அவங்க வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க அத்தை. உள்ள வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லுங்க."

"யார முதல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. அத்தை என்னையே பார்த்தார். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்து, மெல்லச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார்.

"தூங்கறேன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை."

வெளியே போய்ச் சொன்னேன். நடைபாதையின் இந்த முனையில் ஒரு தடவை, அந்த முனையில் ஒரு தடவை.